மூக்கு மாஸ்டர் கடந்துபோன கடை

சமையலறையிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

அவள் படுக்கையறையில் உட்கார்ந்து, கடலில் நனைந்த துணிகளிலிருந்து மணலை உதறிக்கொண்டிருந்தாள். முதலில் அலைச் சத்தம் என்றுதான் நினைத்தாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து காதுக்குள் அலையைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆனால் அலை என்றால் ஏறும், இறங்கும். இது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். அடுத்த மூச்சில் நெடி மூக்கில் ஏறியது.

"ஐயோ, கேஸு!"

விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு முக்காலியைப் போட்டு அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். சன்னல் சாத்தியிருந்தது. அடுப்பின் குமிழ் முழுக்கத் திறந்திருந்தது. அவர் ஒரு கையில் தீப்பெட்டி, மறுகையில் குச்சி. கண் மட்டும் சன்னல் கண்ணாடிக்கு அப்பால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் பாய்ந்து குமிழைத் திருகினாள். சன்னலைத் தள்ளித் திறந்தாள். தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னங்க பண்ணிட்டு இருக்கீங்க?"

"டீ போடலாம்னு…"

"கேஸைத் திறந்து விட்டுட்டுக் கடலைப் பாத்துட்டு உட்கார்ந்திருக்கீங்க! குச்சியைக் கிழிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"இப்பதான்டி திறந்தேன். அதுக்குள்ள ஊரைக் கூட்டுறியே."

இப்போதுதான் திறந்ததா? படுக்கையறை வரைக்கும் நெடி வந்திருக்கிறது. அடுப்படியிலேயே உட்கார்ந்திருக்கும் மனிதர், அதுவும் இந்த மனிதர், அதை உணராமல் இருப்பாரா?

அவரால் உணராமல் இருக்க முடியாது. அப்படியென்றால் உணர்ந்தேதான் உட்கார்ந்திருக்கிறார். வேலை போனதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை, சரியாகத் தூங்குவதில்லை. சாப்பாட்டைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். கடவுளே, இந்த மனிதர் என்ன முடிவோடு என்னைக் கடலோரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்?

கேட்டால் அவர் "ஆமாம்" என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள்.

"இந்த அடுப்பே வேணாம்," என்றாள். "சட்டையை மாத்துங்க. வெளிய போய்ச் சாப்பிடலாம்."

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கு மாஸ்டர் என்றால்தான் தெரியும். மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு ஹோட்டலின் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தவர். ஒருநாள் கொல்லையில் கரி படிந்த அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டே, "உள்ள பால் அடிப்பிடிக்குது!" என்று கத்தினார். அடுப்புக்கு முன்னால் நின்றவனுக்கே அதற்கப்புறம்தான் தெரிந்தது. முதலாளி அன்றைக்கே அவர் கையிலிருந்த தேய்ப்பு நாரைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கரண்டியைக் கொடுத்தார்.

அதன்பிறகு ஏறுமுகம்தான். தொழிற்சாலை கேண்டீனில் தலைமைச் சமையல்காரராக ஆனபோது அந்த மூக்கின் புகழும் கூடவே வந்து சேர்ந்தது. வராந்தாவில் நடந்து வரும்போதே எந்த அண்டாவில் உப்பு இறங்கவில்லை என்று சொல்லுவார். "மாஸ்டருக்கு ஜலதோஷம் பிடிச்சா கேண்டீனுக்கு லீவு" என்று தொழிலாளிகள் கிண்டல் பண்ணுவார்கள். கரண்டியில் ருசி பார்க்க மாட்டார். இடது புறங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, நாக்கு நுனியால் தொட்டு, கண்ணை மூடுவார். கண் திறக்கும்வரை ஒருத்தரும் பேசக்கூடாது.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க வெந்நீரிலும் சோடாவிலும் படுக்கை விரிப்புகளை அலசுகிற வேலை. கல்யாணமான மறுநாளே அவர் சொல்லிவிட்டார்: "வீட்டு அடுப்பு என்னோடது. உன் நாக்கு சோப்புல ஊறின நாக்கு." மாலையில் அவள் வேலை முடிந்து வந்தால் கிட்டே வரவிட மாட்டார். "போய் முதல்ல குளிச்சிட்டு வா. உன்மேல ஆஸ்பத்திரியே வீசுது." வருஷக் கணக்காக இதே பாட்டு. அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்க் குளிப்பாள்.

குழந்தை இல்லை. அந்தக் குறை தெரியாமல் செய்தவன் அவளுடைய தம்பி. தாயில்லாத பிள்ளை. கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்த ஒரே சொத்து. பொடியனாக வந்தவனை மாஸ்டர் தன் கையாலேயே ஊட்டி வளர்த்தார். இப்போது அவன் இரு சக்கர வண்டி பழுதுபார்க்கும் ஷெட் வைத்திருக்கிறான். மனைவி வயிற்றில் பிள்ளை.

போன மழைக்காலத்தில் மாஸ்டருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான், வந்த மாதிரியே போய்விட்டது. அதற்கப்புறம்தான் கேண்டீனில் தகராறு. ஒருநாள் கரிக்கிறது என்கிறார்கள், மறுநாள் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள். புதிதாக வந்த அதிகாரி ஒருநாள் தட்டை முன்னால் தள்ளி வைத்து, "நீங்களே சாப்பிட்டுப் பாருங்க" என்றானாம். மாஸ்டர் கரண்டியை வீசிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "அந்தப் பயலுக்கு நாக்கு செத்துப்போச்சு" என்றார்.

அதைக் கேட்டதும் தம்பிக்கு ரத்தம் கொதித்தது. "விடுங்க மாமா. அவனுங்களுக்கு என்ன தெரியும்? நாம ஒரு கடை போடுவோம். நீங்க அடுப்புகிட்ட நில்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்." சும்மா சொல்லவில்லை. ஷெட்டை வாங்க ஆள் பார்த்துவிட்டான். அடுத்த வாரம் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கடை திறந்துவிட்டால் மூச்சுவிட நேரம் இருக்காது என்று, தெரிந்தவர் ஒருவரின் கடற்கரை வீட்டைச் சொல்லி வைத்து, அக்காவையும் மாமாவையும் அவனே பஸ் ஏற்றி அனுப்பியிருந்தான். வாழ்க்கையில் அவர்கள் போன முதல் விடுமுறை இதுதான்.

வந்த இடத்தில் இப்படி, கையில் தீப்பெட்டியோடு.

வெயில் தாழ்ந்திருந்தது. கடைத்தெரு பாதி காலி. தங்கும் விடுதிகளில் பாதி பூட்டிக் கிடந்தன. வாடகை சைக்கிள் கடைக்காரன் கொட்டாவி விட்டபடி சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அவர் முன்னால் நடந்தார், அவள் இரண்டடி பின்னால். தீப்பெட்டி இன்னும் அவள் கைக்குள்ளேயே இருந்தது.

படகு பழுதுபார்க்கும் கொட்டகையைத் தாண்டி ஒரு சந்து திரும்பியது. அந்தத் திருப்பத்தில் அவள் கால்கள் தாமாக நின்றுவிட்டன.

அப்படி ஒரு வாசனை! தணலில் கொழுப்பு சொட்டிப் புகைகிற வாசனை. இறைச்சி முறுகுகிற வாசனை. பயத்தில் வறண்டு கிடந்த வாயில் எச்சில் சுரந்தது. எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சின்னக் கட்டடம். பச்சைக் கதவு. பின்னால் புகைபோக்கி.

அந்தக் கதவுக்கு நேர் முன்னாலேயே நடந்து, அதைத் தாண்டி, அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். தலையைக்கூடத் திருப்பவில்லை. சந்து முனையில்தான் திரும்பிப் பார்த்தார்.

"என்ன நின்னுட்ட?"

"கடை…"

"எந்தக் கடை?"

இந்த மனிதரா கேட்கிறார்? ஒரு காலத்தில் பஸ்ஸில் போகும்போது சன்னல் வழியாக ஒரு வாசனை வந்தது என்று பாதி வழியில் அவளையும் இழுத்துக்கொண்டு இறங்கியவர்! துக்கம் மனிதனை இவ்வளவு தூரம் கொன்றுவிடுமா என்று நினைத்தாள். அவர் கையைப் பிடித்து, பச்சைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே நாலைந்து மேசைகள்தான். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் ஆள். துணிக்குப் பதிலாகக் கனத்த காகிதம் விரித்திருந்தது. இடுப்பளவுச் சுவருக்குப் பின்னால் தணல் கனன்றது. அதன் முன்னால் இடுக்கியோடு ஒரு பெண்மணி நின்றிருந்தாள். நரைத்த தலை, முழங்கை வரைக்கும் பழைய சூட்டுத் தழும்புகள். சாப்பிட வந்த மீன்பிடி ஆட்கள் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"உட்காருங்க," என்றாள் அடுப்புக்கார அக்கா. "இங்க ஒண்ணே ஒண்ணுதான். மாட்டிறைச்சி ஸ்டேக். பசி சின்னதா பெருசா, அதை மட்டும் சொன்னா போதும்."

"பெருசு," என்றாள் இவள். சொன்ன பிறகுதான் தனக்கு எவ்வளவு பசி என்று தெரிந்தது.

மரப்பலகையில் வந்தது. இரண்டு விரல் கனத்துக்கு ஒரே துண்டு. மேலே கருகினாற்போல முறுகல். கத்தியை வைத்ததும் உள்ளே ரோஜா நிறம்.

"உள்ள சிவப்பா இருக்கே. வேகலையோ?"

"வெந்திருக்கு தங்கச்சி. ஒரு வாய் வச்சுப் பாரு. அப்புறம் என்னைத் திட்டு."

பயந்துகொண்டேதான் வாயில் வைத்தாள். மேல்தோல் மொறுமொறுவென்று உடைந்தது. உள்ளே இருந்த சாறு நாக்கெல்லாம் பரவியது. ஓரத்துக் கொழுப்பு கடிக்கக்கூடத் தேவையில்லாமல் கரைந்தது. உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனால் இருக்க வேண்டிய இடமெல்லாம் இருந்தது. சோப்பில் ஊறின நாக்கு என்று ஏச்சு வாங்கியே பழகிய நாக்கு அது. அதற்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. தம்பியைக் கூட்டி வந்து இந்த மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் தீப்பெட்டிகூட மறந்துபோயிற்று.

"எப்படிங்க இருக்கு?"

அவர் எல்லாம் முறைப்படி செய்தார். ஒரு துண்டு அறுத்தார். அதன் சாற்றை இடது புறங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். நாக்கு நுனியால் தொட்டார். கண்ணை மூடினார். பக்கத்து மேசைக்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கண்ணைத் திறந்து, அடுப்படிக்குக் கேட்கிற குரலில் சொன்னார்: "கறி பிரமாதம். மிளகுதான் ஒரு சிட்டிகை தூக்கலா இருக்கு."

அடுப்புக்கார அக்காவின் இடுக்கி அந்தரத்தில் நின்றது. அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

"தொழில்காரரா?"

"கேண்டீன் மாஸ்டர்," என்றாள் இவள், பெருமையாக.

"அப்படியா? சரிங்க மாஸ்டர். அடுத்த தடவை பாத்துப் போடறேன்."

கிளம்பும்போது அவர் முன்னால் வெளியே போனார். அடுப்புக்கார அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. இந்த அடுப்படியில மிளகே கிடையாது. உப்பு மட்டும்தான்." குரலைத் தணித்தாள். "இல்லாத மிளகை ஒரு சமையல்காரர் சொல்றாருன்னா, இருக்கிறதும் அவருக்குத் தெரியலைன்னுதான் அர்த்தம்."

கேஸ் நெடி. பச்சைக் கதவைத் தாண்டிப் போன அந்த முதுகு. கேண்டீன் தகராறு. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விழுந்தன. சாவதற்கு உட்காரவில்லை அவர், அந்த வரைக்கும் நல்லது. ஆனால் அந்த நிம்மதியை அவளால் ஒரு மூச்சுக்குமேல் அனுபவிக்க முடியவில்லை. வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது.

அந்த மழைக்காலத்துக்கு அப்புறம் ஒருநாள்கூட அவர் அவளைக் குளித்துவிட்டு வா என்று சொல்லவில்லை. வேலை முடிந்து வந்தவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். தோளில் சாய்ந்துகொண்டார். வயதான காலத்தில் மனிதருக்கு நம்மேல் பிரியம் வந்துவிட்டது என்று அவள் பூரித்துப்போனாளே! சலவைக்கூடத்தில் கூட வேலை செய்பவர்களிடம் வெட்கத்தோடு சொல்லிச் சிரித்தாளே!

கடற்கரையில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து அவரை நிறுத்தினாள்.

"என்மேல சோப்பு வாசனை வருதாங்க?"

"என்னடி இது, நடுக் கடற்கரையில…"

"சொல்லுங்க. வருதா, இல்லையா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். எந்தப் பதில் சரி என்று அவருக்குத் தெரியவில்லை. அதுதான் பதில். அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் வெந்நி மாதிரி இருக்குடி," என்றார். "எதை வாயில வச்சாலும் வெறும் வெந்நி. சூடு தெரியுது, மெத்துன்னு இருக்கா கடுசான்னு தெரியுது. அவ்வளவுதான். காய்ச்சல் போச்சு, அதோட எல்லாம் போச்சு. நாளைக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்னு பாத்தேன். வரல."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"என்னன்னு சொல்றது? மூக்கு மாஸ்டருக்கு மூக்கு இல்லன்னா? அப்புறம் என்கிட்ட என்னடி மிச்சம் இருக்கு?"

அவள் அவர் தலையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகையின் நடுவில்தான் அவளுடைய கைப்பேசி அடித்தது. தம்பி.

"அக்கா! எப்படி இருக்கு கடல்? மாமா எங்க?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை வாங்கினார். நொடியில் குரல் மாறிப்போயிற்று. "டேய் மாப்ள! இங்க ஒரு ஸ்டேக் கடை கண்டுபிடிச்சோம் பாரு. அபாரம். ஆனா நம்ம கடையில அதைவிடப் பிரமாதமா போடலாம். நாளைக்குக் கிளம்பி வா. நல்ல தொடைக்கறியா ரெண்டு துண்டு வாங்கிட்டு வா, போட்டுக் காட்டுறேன்."

அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அதற்குள் அவர் பேசி முடித்துவிட்டார்.

"ஏங்க, அவன் ஷெட்டை விக்கப் போறான்! பிள்ளை பொறக்கப் போகுது!"

"அவன்கிட்ட சொல்லிடாத. உன் காலைப் பிடிக்கிறேன். நான் சமைக்கிறேன், நீ ருசி பாத்துச் சொல்லு. சரியா இருந்தா தலையை ஆட்டு, போதும். நாம ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு மாஸ்டர். யாருக்குத் தெரியப் போகுது?"

இருபது வருஷத்துக்கு மேலாக ஏசப்பட்ட நாக்கை இன்றைக்குக் கையேந்திக் கேட்கிறார். அவள் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் வாயடைத்து நின்றாளே, அதுதான் அவள் செய்த பாவம்.

மறுநாள் உச்சி வெயிலில்தான் தம்பி வந்து சேர்ந்தான். முகமெல்லாம் புழுதி.

"சிரிக்காத அக்கா. ஊர் வண்டியெல்லாம் ரிப்பேர் பாக்கிறவன் வண்டி நடுவழியில நின்னுபோச்சு. உருட்டிட்டே வந்தேன். ஒருத்தன் என்கிட்டயே சொல்றான், நல்ல மெக்கானிக்கா பாத்துக் காட்டுங்கன்னு!"

வண்டிப் பெட்டியிலிருந்து கறிப் பொட்டலத்தை எடுத்து மாமாவிடம் கொடுத்தான். காலையில் வாங்கியது. பாலிதீன் பைக்குள் பை, இறுக்கிக் கட்டியிருந்தது. மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டு, காலையில் அவள் திருப்பிக் கொடுத்திருந்த தீப்பெட்டியோடு சமையலறைக்குப் போனார். போகும்போது அவளைப் பார்த்தார். பின்னாலேயே எழுந்த அவள் கையைப் பிடித்துத் தம்பி உட்கார வைத்தான்.

"இரு அக்கா, உனக்கு ஒண்ணு காட்டணும்."

செய்தித்தாளைப் பிரித்தான். உள்ளே ஒரு பெயர்ப்பலகை. சிவப்பில் எழுதியிருந்தது: மூக்கு மாஸ்டர் உணவகம். பக்கத்தில் பெரிதாக ஒரு மூக்கு. அதன் துவாரத்துக்குள் வளைந்து வளைந்து போகிற புகை.

"எப்படி? மூக்கு கொஞ்சம் பெருசாயிடுச்சோ? மாமா மூக்கு மாதிரி இருக்கணும்னு ஆர்ட்டிஸ்ட்டுக்கு போட்டோவே அனுப்பினேன்." சிரித்தான். "நேத்து என் வீட்டுக்காரி கேட்டா, இருக்கிறதை வித்துட்டு எதை நம்பி இறங்குறீங்கன்னு. மாமா மூக்கை நம்பின்னு சொன்னேன். வாயடைச்சுப் போனா."

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளே வாணலி சூடேறும் சத்தம் கேட்டது. இறைச்சி விழுந்து சடசடத்தது. நேற்று அவள் திறந்துவைத்த சமையலறைச் சன்னல் இன்றும் திறந்தே இருந்தது. புகையும் வாடையும் அதன் வழியாகவே கடலுக்குப் போய்விட்டன.

"மாமா! ஒரு துண்டு பார்சல்," என்று தம்பி குரல் கொடுத்தான். "அவ ஆசையா கேட்டு விட்டிருக்கா!"

"தனியா எடுத்து வச்சிட்டேன்டா!" என்று பதில் வந்தது. அந்தக் குரலில் வெகுநாளைக்கு அப்புறம் ஒரு தெம்பு இருந்தது.

தட்டைத் தானே ஏந்திக்கொண்டு வந்தார். பார்க்க அச்சு அசலாக நேற்றுச் சாப்பிட்டதைப் போலவே இருந்தது. காதால் கேட்டு, விரலால் அழுத்திப் பார்த்துப் பதம் பிடித்திருந்தார். மேலே அதே முறுகல். மேசையில் வைத்தார். ஆவி எழுந்தது.

அவளுக்குக் குமட்டியது. முறுகிய வாசனைக்கு அடியில் வேறொன்று இருந்தது. புளித்த, அழுகிய வாடை. காலையிலிருந்து வண்டிப் பெட்டிக்குள், வெயிலில், பாலிதீன் பைக்குள் வெந்து கெட்டுப்போன கறி.

தம்பியும் மூக்கைச் சுளித்தான். "மாமா, ஒரு மாதிரி வாடை வரல?"

"கடற்கரைடா இது. பக்கத்துல யாராவது மீன் காயப் போட்டிருப்பான்." அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார்.

தம்பி சிரித்துவிட்டான். "அதானே! உங்க மூக்கைவிட என் மூக்கா பெருசு? பெட்ரோலை மோந்தே பாழாப்போன மூக்கு மாமா இது." ஒரு துண்டு வெட்டி முள்கரண்டியில் குத்தினான். பலகையில் வரைந்திருந்த மூக்கு சுவரில் சாய்ந்தபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கரண்டி மேலே எழுந்தது.

மாஸ்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். தலையாட்டுவாள் என்று பார்த்தார். அவள் தலை ஆடவில்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. ஒரு கையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

அந்தக் கையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"வைடா கீழ!"

ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். முள்கரண்டி சுவரில் மோதி விழுந்தது. தட்டு கவிழ்ந்தது.

"வாயில வச்சியா? முழுங்கினியா? துப்புடா! துப்பு!"

"இல்ல மாமா, இன்னும்… என்ன ஆச்சு?"

"என்ன நாறுது? நீ சொல்லு. எனக்குத் தெரியலடா. மழைக்காலத்துலேருந்து எனக்கு எதுவும் தெரியல. வாசனை இல்ல, ருசி இல்ல. கெட்டுப்போனதை எடுத்து உனக்கு வச்சேன். அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு வேற பார்சல் எடுத்து வச்சேனே!" தலையில் படீர் படீரென்று அடித்துக்கொண்டார். "ஊட்டி வளர்த்த கைடா இது!"

தம்பி அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை. பிறகு அக்காவைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"நேத்துதான்டா…"

"நேத்து." அவன் குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். "அப்ப நான் அந்தப் பலகையைப் பிரிச்சப்ப உனக்குத் தெரியும்."

"சொல்லத்தான்டா நினைச்சேன். வாய் வரல."

"மாமாவுக்குத் தெரியல அக்கா. உனக்கு நாறிச்சு."

பெற்ற தாயைப் போல வளர்த்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். எடுத்துவைத்திருந்த பார்சல் குப்பைக்கூடையில் விழுகிற சத்தம் கேட்டது. அடுப்புக் குமிழைத் திருகிப் பார்த்தான். கேஸ் சிலிண்டரின் வாயை மூடினான். திரும்பி வரும்போது தீப்பெட்டி அவன் கையில் இருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"டீ வேணும்னா வெளிய குடிங்க. இவரைத் தனியா அடுப்பு மூட்ட விடாத." மாமாவிடம் திரும்பினான். "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

மாஸ்டர் இல்லை என்று தலையசைத்தார்.

"வண்டிச் சத்தம் லேசா மாறினாலே கழட்டிப் பாக்கிறவன் நான். மழைக்காலத்துலேருந்து, மாமா… என்கிட்ட ஒரு வார்த்தை…" முகத்துப் புழுதியைச் சட்டைக் கையால் அழுந்தத் துடைத்தான். "ஊருக்கு வந்ததும் போகலாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"கடை?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"ஷெட்டை விக்கல. இப்ப வேற எதுவும் என்கிட்ட கேட்காத அக்கா."

மாஸ்டர் சுவரில் சாய்ந்திருந்த பலகையை எடுத்தார். செய்தித்தாளை அவரே சுற்றினார். அந்த மூக்கின் மேல் அவர் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு மூடிவிட்டு அவனிடம் நீட்டினார்.

"எடுத்துட்டுப் போடா. பின்பக்கம் சுத்தமாத்தான் இருக்கு. ஷெட்டுக்கு ஏதாவது எழுதிக்க."

அவன் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டான். "வரேன் மாமா," என்றான். அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை.

வாசல் கதவைத் திறந்தபோது சந்துப் பக்கமிருந்து காற்று உள்ளே வந்தது. பச்சைக் கதவுக்காரியின் அடுப்பு மூண்டிருக்க வேண்டும். தணலில் கொழுப்பு சொட்டுகிற அந்த வாசனை அறையெல்லாம் நிறைந்தது. தம்பி படியில் கால் வைத்தபடி மூச்சை இழுத்து நின்றான். திரும்பி அக்காவைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். அந்த ஒரு கணம் இருவரும் ஒன்றையே உணர்ந்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மாஸ்டரைப் பார்த்தார்கள்.

அவர் கவிழ்ந்த தட்டைக் குனிந்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

தம்பி பலகையை அக்குளில் இறுக்கிக்கொண்டான். அந்த வாசனை மேலும் உள்ளே போய்விடக்கூடாது என்பதுபோல, கதவை மெதுவாக, சத்தமே இல்லாமல் இழுத்துச் சாத்திவிட்டுப் போனான்.